33 பக்கக் கடிதம்

1938ல் மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு வழக்கறிஞர் பால்டிமோருக்கு 33 பக்கக் கடிதம் அனுப்பினார். முழுக்கத் தன் மகன் டொனால்டைப் பற்றி. வாங்கிப் படித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கானர். ஆட்டிசத்தை மருத்துவ உலகம் கவனிக்க வைத்த அவருடைய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் மொத்தம் 11 குழந்தைகள். முதல் ஆள் டொனால்டுதான்.

அந்தக் கட்டுரையில் எண்கள் குறைவு, விவரிப்பு அதிகம். அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறார், டாக்டர் பேசுகிறார். குழந்தைகள் சொன்ன சொற்கள்கூட அறிகுறிகளாகத்தான் பதிவாகின்றன. அவர்களுக்கு உள்ளே எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

காலியாகக் கிடந்த அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் பழியைத் தாய்மார்கள் மேல் போட்டார். 1985ல் ஒரு பொம்மைச் சோதனை. சாலி கூடையில் வைத்துவிட்டுப் போன கோலிக்குண்டை ஆன் பெட்டிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். 'இவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது' என்பது பாடப்புத்தகம் வரை போனது.

சாஃப்ட்வேரில் லாக் ஃபைலைப் பார்த்தால் யூசர் எந்த பட்டனை அமுக்கினார் என்று தெரியும். ஏன் அமுக்கினார் என்பதை அவரிடம்தான் கேட்கணும்.

2012ல் டேமியன் மில்டன் கேள்வியையே திருப்பிப் போட்டார். அவர் சமூகவியலாளர், ஆட்டிசம் உள்ளவர். புரியாமை இரண்டு பக்கமும்தானே இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் ஏன் குறை என்கிறீர்கள் என்று கேட்டார். 2020ல் வெளியான எடின்பரோ ஆய்வு ஒன்றில் எட்டு எட்டுப் பேராக ஒரு கதையை அடுத்தடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த குழுக்கள் மற்றவர்களுக்குச் சமமாகக் கதையைக் கடத்தின. இரு தரப்பும் கலந்த குழுக்களில்தான் கதை அதிகம் தொலைந்தது.

அப்படியானால் பேட்டி எடுப்பதும் கலந்த குழுதானே? கண்ணைப் பார்த்து, உடனே பதில் சொல்லச் சொல்வதே பலருக்குச் சுவர். அதனால் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். மின்னஞ்சலிலோ சாட்டிலோ பேசுகிறார்கள். 'அனுபவத்தைச் சொல்லுங்க' என்று பொதுவாகக் கேட்காமல், 'சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன கேட்டது?' என்கிற மாதிரி கேட்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே கேள்விகளை எழுதுவதும் நடக்கிறது.

ஆனாலும் பேச்சே வராதவர்கள் இந்தப் பேட்டிகளில் இன்னும் குறைவு. அவர்களில் பலரைப் பற்றி நம்மிடம் இருப்பது இன்றைக்கும் அப்பா எழுதிய கடிதம்தான்.