முன்வரிசை யாருக்கு? கொரியக் கசாப்புக்காரர்களும் கிறித்துவமும்

கொரியாவில் கிறித்துவம் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது என்று கேட்டால் உடனே ஒரு பட்டியல் வரும். அமெரிக்க மிஷனரிகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், 1907-ல் பியோங்யாங்கில் நடந்த எழுப்புதல் கூட்டங்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் கசாப்புக்காரர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்.

பெக்சோங் என்று அவர்களுக்குப் பேர். மாடு அறுப்பது, தோல் வேலை, கூடை முடைவது தொழில். தனிக் குடியிருப்பு. ஓட்டு வீடு கட்டக் கூடாது. பட்டு உடுத்தக் கூடாது. மற்ற ஆண்கள் போடும் குதிரைமுடித் தொப்பியைப் போடக் கூடாது. நரைத்த கிழவராக இருந்தாலும் அடுத்த சாதிச் சின்னப் பையனிடம் பணிந்துதான் பேச வேண்டும். மனுதர்மம் அந்த நாட்டுக்குப் போகவில்லை. கன்பூசிய ஒழுங்கு என்ற பேரில் அந்த வேலையை அங்கேயே உள்ளவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கத்தோலிக்கம் அங்கே பாதிரியார் கொண்டுபோய்ச் சேர்த்தது இல்லை. சீனாவிலிருந்து வந்த புத்தகங்களைப் படித்த மேட்டுக்குடி யாங்பான்கள் சிலர் தாங்களே தொடங்கினார்கள். 1784-ல் யி சுங்-ஹூன் பெய்ஜிங் போய் ஞானஸ்நானம் பெற்று வந்தார். பின்னால் இந்தக் கூட்டத்தில் ஹ்வாங் இல்-க்வாங் என்ற பெக்சோங் சேர்ந்தார். யாங்பான்கள் அவரைத் தங்கள் அறைக்குள்ளேயே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தனக்கு இரண்டு சொர்க்கம், ஒன்று தன்னைச் சமமாக நடத்துகிற இந்த இடம், மற்றது செத்த பிறகு வருவது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1801-ல் அரசு விசுவாசிகளை வேட்டையாடத் தொடங்கியது. 1802 தொடக்கத்தில் அவர் தலையை வெட்டினார்கள். 2014-ல் போப் பிரான்சிஸ் சியோலில் அருளாளர் பட்டம் கொடுத்த 124 பேரில் அவரும் ஒருவர்.

செத்த பிறகு கிடைக்கும் சொர்க்கத்தை எல்லா மதமும் தரும். ஹ்வாங் சொன்ன முதல் சொர்க்கம்தான் கஷ்டம். அது எவ்வளவு கஷ்டம் என்பதைப் புராட்டஸ்டண்டு சபைகள் தொண்ணூறு வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டன.

சியோலில் சாமுவேல் மூர் என்ற அமெரிக்க மிஷனரி ஒரு சபை நடத்தினார். பாக் சோங்-சுன் என்ற கசாப்புக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது மூர், டாக்டர் ஏவிசனை அழைத்துப்போனார். ஏவிசன் ராஜா கோஜோங்குக்கு வைத்தியம் பார்த்தவர். ராஜாவின் நாடி பிடித்த கை கசாப்புக்காரர் நாடியைப் பிடித்தது. பிழைத்த பாக் 1895-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

உடனே வந்தது சண்டை. அவனோடு எப்படிச் சேர்ந்து உட்காருவது என்றார்கள் யாங்பான்கள். சரி, முன்வரிசையையாவது எங்களுக்குத் தனியாக ஒதுக்குங்கள் என்றார்கள். மூர் முடியாது என்றார். வெளியேறித் தனிச் சபை கண்டார்கள். நம்மூரில் தனி வரிசையும் தனிக் கல்லறையும் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. பணிந்துபோகாத ஒரு மிஷனரிதான் புதுசு. சில வருஷத்தில் போனவர்கள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். 1911-ல் பாக் அதே சபைக்கு மூப்பரானார்.

பாக் சும்மா இருக்கவில்லை. சாதி வேற்றுமை ஒழிந்தது என்று 1894-லேயே அரசு அறிவித்துவிட்டது. ஆனால் தலையில் தொப்பி ஏறவில்லை. மூரின் துணையோடு பாக் விண்ணப்பம் எழுதினார். உரிமை கிடைத்தது. சந்தோஷத்தில் சிலர் ராத்திரி தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றவில்லையாம். 1898-ல் மந்திரிகளும் மக்களும் கூடிய பெருங்கூட்டத்தில் பாக் மேடையேறிப் பேசினார். 1908-ல் செவரன்ஸ் மருத்துவப் பள்ளியின் முதல் ஏழு பட்டதாரிகளில் அவர் மகன் பாக் சோ-யாங் ஒருவர்.

எழுத்திலும் இதுவே நடந்தது. யாங்பான்கள் சீன எழுத்தைப் பிடித்துக்கொண்டு, பொம்பளைகளுக்கும் பாமரனுக்கும் உரியது என்று ஹங்குலை இளக்காரமாக ஒதுக்கியிருந்தார்கள். பைபிள் அந்த ஹங்குலில் வந்தது. 1887-ல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகிவிட்டது. ஒதுக்கிய எழுத்தில் வேதம், ஒதுக்கிய ஆளுக்கு முன்வரிசை. எண்ணிக்கைக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதற்காகச் சபைக்கு மட்டும் மாலை போட்டுவிட முடியாது. 1909-ல் தெற்கே ஜின்ஜூ ஊரில், அதுவரை தனியாகக் கும்பிட்ட பெக்சோங்குகளை ஆஸ்திரேலிய மிஷனரிகள் பொது ஆராதனைக்கு அழைத்தார்கள். மற்றவர்களில் பெரும்பகுதி எழுந்து போய்விட்டது. நீண்ட பேச்சுக்குப் பிறகே சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி தானாகக் கரையவில்லை.

சபைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். ஜப்பானிய ஆட்சியின் குடும்பப் பதிவேட்டில் பெக்சோங் என்று காட்ட அடையாளம் வைத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லை. அதே ஜின்ஜூவில் 1923 ஏப்ரலில் 'ஹியோங்பியோங்சா' பிறந்தது. 'ஹியோங்' என்றால் தராசு, 'பியோங்' என்றால் சமம். இறைச்சி நிறுத்த தராசையே கொடியாக்கிக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் இறைச்சி வாங்க மாட்டோம் என்றார்கள். 1925-ல் யேசோனில் கும்பலாக வந்து அடித்தார்கள். இயக்கம் அடங்கவில்லை. சட்டம் அறிவித்தது, சபை இடம் கொடுத்தது. மிச்சத்தை அவர்களே சங்கம் கட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.

2015 கணக்குப்படி தென்கொரியாவில் புராட்டஸ்டண்டுகள் 19.7 சதம், கத்தோலிக்கர் 7.9 சதம். 1970களில் ராணுவ ஆட்சிக் காலத்தில் ஆன் ப்யுங்-மு, சோ நாம்-தோங் போன்றவர்கள் மின்ஜுங் இறையியல் என்று ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசினார்கள். இன்னொரு பக்கம், கோடிக்கணக்கில் சொத்துள்ள பெரிய சபைகள் சிலவற்றில் அப்பனுக்குப் பிறகு மகன் என்று போதகர் பதவி கைமாறுகிறது. பிறப்பால் வரும் முன்வரிசையை மறுத்த சபை வளர்ந்தது. வளர்ந்த சபையில் பிறப்பால் வரும் முன்வரிசை திரும்பி வருகிறது.

ஒரு சபை எவ்வளவு வளர்ந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் தலை எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். ஹ்வாங் கண்ட அந்த முதல் சொர்க்கம் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே எட்டிப் பாருங்கள்.