தெள்ளாற்றுக் கிளர்ச்சியும் ஊரார் சான்றும்

பேரரசனை எதிர்த்தெழுந்த குறுநில மன்னன் வென்றானாயின் காவலன் எனவும், தோற்றானாயின் இரண்டகன் எனவும் பெயர் பெறுதல் வரலாற்றில் இயல்பு. வென்றும் பணிந்தும் பின்னர் மீண்டும் எழுந்தும் நின்ற ஒரு குடியினரை எப்பெயரால் சுட்டுவது? சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட காடவர் குடியைப் பற்றி இவ்வினா இன்றும் எஞ்சியே நிற்கிறது.

நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. 1216-இல் அரியணை ஏறிய மூன்றாம் இராசராசன் காலத்தில் சோழப் பேரரசு தளர்ந்தது. தெற்கே மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோணாட்டைக் கைக்கொண்டு, பின்னர் அதனைத் திரும்ப வழங்கினான். வழங்கப்பெற்ற முடியைத் தாங்கிய மன்னனுக்குச் சிற்றரசர் அஞ்சுவரோ? கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் சோழனை வென்று சேந்தமங்கலத்துச் சிறையில் இட்டான். போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர் அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்பாரைப் படையுடன் விடுத்து 1231-ஐ ஒட்டிச் சோழனை மீட்டான்.

இந்நிகழ்ச்சியை உரைக்கும் தலையாய சான்றுகள் இரண்டு. ஒன்று கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு; மற்றொன்று வந்தவாசிப் பகுதியிலுள்ள வயலூர்ப் பாறைக் கல்வெட்டு. முன்னது போசளர் பக்கம் நின்று பேசுவது. அதன்படி காடவன் சோழனைச் சிறைப்படுத்தினான், நாட்டை அழித்தான், கோயில்களையும் பாழாக்கினான். படை தன் நகரை நெருங்கவே அஞ்சிப் பணிந்தான். பின்னது காடவன் பக்கத்தது. அதில் அவன் சகலபுவனச் சக்கரவர்த்தி. சோழனை அமைச்சரோடு சிறையிலிட்டு நாடு கொண்ட வீரன். பணிந்த செய்தி அங்கே இல்லை. ஒரே கிளர்ச்சிக்கு இரண்டு கதைகள். இரண்டும் கல்லில் வெட்டப்பட்டவை! கல்லில் உள்ளது ஆதலின் மெய் என்று கொள்ளும் மாணாக்கர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் நலம்.

ஈண்டு ஓர் அயற்பொருளைச் சுட்ட விழைகின்றேம். ஆராய்ச்சித் தாளில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் நகைக்கலாம், நகைத்தபின் நோக்குக. சப்பான் நாட்டில் குவெசுட்டு என்னும் நிறுவனம் யசுமி மத்சுனோ என்பாரின் இயக்கத்தில் 1993-இல் வெளியிட்ட 'ஓகர் பேட்டில்' என்னும் மின்னணு விளையாட்டில், ஆடுவோன் ஒரு கிளர்ச்சிப் படைக்குத் தலைவனாகிறான். கொடுங்கோல் பேரரசு ஒன்றை எதிர்த்து ஊர் ஊராக மீட்டுச் செல்லுதல் அவன் தொழில். மந்திரவாதியும் பூதமும் நிறைந்த கற்பனை நாடே எனினும், அதன் கணக்கு கற்பனையன்று. களத்தில் நிற்கும் படைக்கு நாள்தோறும் செலவு உண்டு. மீட்ட ஊர்கள் பொருள் தரும். இவற்றினும் நுண்ணியது ஒன்று: மக்கள் மதிப்பு என்பது போர்வெற்றியினின்று வேறாக அளக்கப்படுகிறது. ஓர் ஊரின் வாயிலுள் முதலில் புகுபவர் எத்தகையர் என்பதைப் பொறுத்து அம்மதிப்பு ஏறும், இறங்கும். நல்லியல்புடையோர் புகுந்தால் ஊர் மீட்கப்பட்டதாகும். கொடியோர் புகுந்தால் ஆண்டான் மாறினான் என்பதன்றி ஊரார்க்கு வேறு தோன்றாது. ஆகவே களமனைத்தும் வென்ற தலைவனும் இறுதியில் இழிந்த முடிவை எய்தக் கூடும். முடிவுகள் பல அமைந்ததன் காரணமும் இதுவே.

இவ்வாடலை அமைத்தோர் கேட்ட வினாவை நம் கல்வெட்டாராய்ச்சி கேட்டதுண்டா? தெள்ளாற்றில் யார் வென்றார், சேந்தமங்கலத்தை யார் நெருங்கினார் என்பவற்றையே நாம் மிகுதியும் எழுதினோம். இடையில் அகப்பட்ட ஊரார் காடவனை எவ்வாறு கொண்டனர்? மெய்க்கீர்த்தி இதனைச் சொல்லாது, சொல்லினும் நம்புதற்கில்லை. ஆயினும் ஊரார் தம்மை அறியாமலே விட்டுச் சென்ற அளவுகோல் ஒன்று உண்டு. அதுவே ஆட்சியாண்டு. விளக்கெரிக்க ஆடு கொடுத்த வணிகனும், நிலம் விற்ற சபையும் தம் ஆவணத்தை எவன் ஆண்டால் குறித்தனரோ, அவனையே அன்று தம் மன்னனாக ஏற்றனர். அன்போ அச்சமோ, ஏற்பு ஏற்பே. வழக்கு எழுந்தால் செல்லத்தக்க பெயர் எது என்பதைப் பொருள் கொடுத்தவன் நன்கு எண்ணியே வெட்டுவித்திருப்பான்.

இவ்வளவுகோலால் அளப்பின், 1231-இன் வெற்றியினும் 1243 பெரிது. அவ்வாண்டு முதலே கோப்பெருஞ்சிங்கன் பெயரில் தனி ஆட்சியாண்டு எண்ணப்படுகிறது. கோப்பெருஞ்சிங்கர் ஒருவரா இருவரா என்னும் வழக்கு நெடிது நடந்தது. தந்தையும் மகனுமாகிய இருவர் என்பதே பெரும்பாலோர் கொள்கை. அதுவே எம் கருத்தும். எனவே தந்தை களத்தில் பெற்று இழந்ததை மகன் ஆவணங்களிற் பெற்றான் என்னலாம்.

கோயில் அழித்தான் என்னும் பழியையும் இவ்வாறே நிறுத்துப் பார்க்கலாம். வாலாஜாபாத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் வழியில் ஆற்றூர் என்னும் ஊர் உள்ளது. தில்லைத் தெற்குக் கோபுரத் திருப்பணி காடவர்க்கு உரியது என்பதை அவ்வூர்க் கல்வெட்டால் அறிகிறோம். பரதம் வல்ல பெருமாள் என்னும் சிறப்புப் பெயரும் இக்குடிக்கு உண்டு. படை சென்ற வழியில் கோயில் சிதைந்திருத்தல் கூடும், அதனை மறுக்கவில்லை. ஆனால் எதிரியின் கல்வெட்டு ஒன்றை மட்டும் கொண்டு ஒரு குடியைத் தெய்வப் பகைவராக்குதல் ஆராய்ச்சி ஆகாது. கோபுரம் எழுப்பியதை மட்டும் கொண்டு அவரைத் தூயோராக்குதலும் ஆகாது. கொள்ளைப் பொருளாற் செய்த திருப்பணி உலகில் அரிதன்று.

காஞ்சியைச் சூழ்ந்த நாடு இவ்வாராய்ச்சிக்கு மிக ஏற்றது. 13-ஆம் நூற்றாண்டில் இந்நகர்மீது உரிமை கொண்டாடாதவர் சிலரே. மூன்றாம் இராசராசன், தெலுங்குச் சோடனாகிய விசயகண்டகோபாலன், காகதீயக் கணபதி, சடையவர்மன் சுந்தரபாண்டியன் என ஒருவர்பின் ஒருவர் பெயர் இங்குள்ள கற்களில் ஏறுகிறது. ஏகாம்பரநாதர் கோயிலில் உள்ள கணபதியின் கல்வெட்டு 1249-ஐச் சார்ந்தது. விசயகண்டகோபாலனின் ஆட்சியாண்டோ 1250-ஐ ஒட்டித் தொடங்குவது. இரண்டு ஆட்சிகள் ஒரே தெருவில் மோதிய காலம் அது. உத்திரமேரூர் என்றவுடன் 919, 921 ஆகிய ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளையே நாம் நினைக்கிறோம். சபையின் வழிவந்தோர் அரசர் நால்வர் ஐவர் மாறிய காலத்தில் யார் பெயரை எழுதினர் என்பது அதனினும் குறைந்த செய்தியன்று.

முதுகலை மாணாக்கர் ஒருவர் வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசிப் பகுதிகளின் அச்சேறிய கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, 1216 முதல் சோழராட்சி மறைந்த 1279 வரை, ஊர்வாரியாக ஆட்சியாண்டுகளை மட்டும் நிரல்படுத்தினால் போதும். மெய்க்கீர்த்தியை முதலில் படிக்க வேண்டா. கொடை யாருக்கு, கொடுத்தவன் யார், ஆண்டு யாருடையது என்னும் மூன்றையும் குறிக்க. அரசன் பெயரின்றிச் சகவாண்டு மட்டும் குறித்த ஆவணம் எதிர்ப்படின், அதனைத் தனியே எடுத்து வைக்க. எவன் வெல்வான் என்று தெரியாத ஊரொன்று தன் ஐயத்தை அங்கே எழுதாமல் எழுதியிருத்தல் கூடும்.