கடை நேரத்தின் கணக்கு

கல்லாப்பெட்டியருகே வாப்பாவுக்குத் துணையாக அமர்ந்து வளர்ந்தோர் நம்மிடையே பலர். கடையைத் திறப்பதும் அடைப்பதும் உடையவரின் விருப்பம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், இதே கேள்விக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓர் அரசு தோல்வியுற்ற வரலாறு உண்டு.

1950-ஆம் ஆண்டின் கடைச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை வணிகத்தைப் பெரும்பாலும் தடுத்தது. சனிக்கிழமை ஓய்வைப் பேணிய யூத வணிகர் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிவரை விற்கலாம். வெள்ளியன்று கடையடைக்கும் முஸ்லிம் வணிகருக்கோ அச்சலுகை இல்லை.

இக்கட்டுப்பாடுகளை அறவே நீக்குமாறு 1984-இல் ஆல்டு குழு பரிந்துரைத்தது. அடைத்த கடைக்கும் வாடகை உண்டு. கூடுதல் நேரம் திறந்தால் அச்செலவு பரவலாகும். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும் வசதி என்பது ஒரு சாராரின் வாதம். குடும்பத்தின் வருமானம் ஆறு நாளுக்கு உள்ளதே ஏழு நாளுக்கும். விற்பனை இடம்மாறுமேயன்றி அந்த அளவுக்கு வளராது. கூலியும் மின்செலவுமே கூடும் என்றனர் மறுசாரார். ஒருவர் திறந்தால் அண்டைக் கடைக்காரரும் திறந்தாக வேண்டும். பெரிய நிறுவனம் ஆட்களை மாற்றி மாற்றி அமர்த்தும். சிறுகடையிலோ முதலாளியும் அவரே, மாற்றாளும் அவரே.

மார்கரெட் தாட்சர் அரசு கொணர்ந்த மசோதா 1986 ஏப்ரல் 14 அன்று 282-க்கு 296 என்ற வாக்குகளில் வீழ்ந்தது. ஆளுங்கட்சியினர் 72 பேர் எதிர்த்து வாக்களித்தனர். தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் ஓரணியில் நின்ற அரிய காட்சி அது.

1994-இல் சமரசம் பிறந்தது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், ஞாயிறன்று காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையே தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். சிறுகடைகளுக்கு வரம்பில்லை. ஞாயிறு வேலைக்கென்றே அமர்த்தப்பட்டவர் நீங்கலாக, ஊழியர் அவ்வேலையை மறுக்கும் உரிமையும் பெற்றனர். இவ்வரம்பைத் தளர்த்த 2016-இல் நடந்த முயற்சியையும் 317-க்கு 286 என்ற வாக்குகளில் நாடாளுமன்றம் நிராகரித்தது.

பெரிய கடை மூடியிருக்கும் வேளையே சிறுகடையின் பிழைப்பு என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. நள்ளிரவிலும் எரியும் கடைவிளக்கு நமக்கு வசதிதான். அதன் கீழே நிற்பவர் வீடு திரும்பும் நேரத்தையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வோமாக!