தீப்பொறியின் கதை – 9: உச்சிவெயிலில் ஒளியும் நெருப்பு

சென்ற வாரம் அமெரிக்காவின் டேட்டன் நகரில், எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் சார்லஸ் கெட்டரிங்கை விட்டுவிட்டு வந்தோம். அவர் அமைத்த பேட்டரி இக்னிஷன் 1910-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் ஏறியது. பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர். இந்த நான்கும் சேர்ந்து அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக பெட்ரோல் வண்டிகளை ஓட்டின. ஆனால் காலையில் சிரித்துக்கொண்டு கிளம்பும் வண்டி மதியம் ஏன் செத்துக் கிடக்கிறது என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். விடை தேட நம்மூர் சித்திரை வெயிலுக்குத்தான் வரவேண்டும்.

இடம் செஞ்சி. காலம் 1940-களின் கடைசி. ரயில் எட்டாத ஊர். மல்லாட்டை மூட்டையோ நெல் மூட்டையோ, திண்டிவனம் ரயிலடிக்குப் போக 28 கிலோமீட்டர் சாலைதான் வழி. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் லாரிகள் நாடெங்கும் தனியார் கைக்கு வந்துகொண்டிருந்தன. 1947-இல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலை டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பூட்டத் தொடங்கியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல் எஞ்சின், 6 வோல்ட் பேட்டரி.

அப்படி ஒரு லாரியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். விடியற்காலையில் முதல் செல்ஃபிலேயே பிடித்துவிடும். திருவண்ணாமலையில் சரக்கை இறக்கிவிட்டு உச்சிவெயிலில் திரும்புகிறது. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டை மதிலை ஊடுருவி வரும் சாலையில், டீ குடிக்க டிரைவர் நிறுத்துகிறார். பத்து நிமிஷம் கழித்து செல்ஃப் போட்டால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

“அண்ணே, பெட்ரோல் கொதிச்சிருச்சுண்ணே” என்கிறான் கிளீனர். நனைத்த சாக்கைப் பெட்ரோல் பம்பின் மேல் போடுகிறான். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. பையன் சொன்னது வீண்பேச்சு அல்ல. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது உண்டு. ஓடும்வரை விசிறிக் காற்று எஞ்சினைத் தணிக்கும். நிறுத்தியதும் பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும்.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பம்ப் மட்டுமா ஆறியது? காயில் ஆறியது, கண்டென்சர் ஆறியது, டிஸ்ட்ரிபியூட்டர் முழுவதும் ஆறியது. எதனால் பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் ஈரச் சாக்குக்குப் போய்விட்டது. விட்டுவிட்டு வரும் கோளாறில் ஆறவிடுவது வைத்தியமே அல்ல, தடயத்தை அழிப்பது. அடுத்த வாரம் இதே லாரி மயிலம் பக்கத்தில் நிற்கும்.

நல்ல மேஸ்திரி வண்டி செத்துக் கிடக்கும் அந்த நிமிஷத்தைத்தான் கேட்பார். காயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, எஞ்சின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்து எஞ்சினைச் சுற்றச் சொல்வார். நீலமாகச் சொடுக்கினால் காயில்வரை நலம். மூடி, ரோட்டார், பிளக்கைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக இழுத்தால், அல்லது ஒன்றுமே இல்லாவிட்டால், பம்பைத் தொடவே வேண்டாம்.

சாக்கைப் போடுவதற்கு முன் இப்படிப் பார்த்தால், எங்கள் லாரியில் ஒன்றுமே இல்லை.

உடனே காயிலைப் பிடித்துவிடக் கூடாது. செல்ஃபில் பிடிக்காத வண்டி ஹேண்டில் அடித்தால் பிடிக்கிறதா? அப்படியானால் குற்றவாளி பேட்டரி பக்கம் இருக்கிறான். செல்ஃப் மோட்டார் கரண்டை உறிஞ்சும்போது 6 வோல்ட் நாலாகச் சரியும். காயிலுக்கு மிச்சம் போதாது. பச்சை பூத்த டெர்மினலும் தளர்ந்த எர்த் வயரும் எத்தனையோ நல்ல காயில்களைக் குப்பைக்கு அனுப்பியிருக்கின்றன. எங்கள் வண்டி ஹேண்டிலுக்கும் மசியவில்லை.

இனி டெஸ்ட் லாம்ப். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு வயர், மறுமுனை எர்த்தில். ஹேண்டிலைச் சுற்றும்போது விளக்கு மின்னி மின்னி அணைந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்தபடியே இருந்தால், பாயிண்டுக்குள் கரண்ட் இறங்கி எர்த் ஆகவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்தார்கள். பாயிண்டைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு இடைவெளி வைத்து மூடுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு விரல் நீள மெல்லிய வயர் உண்டு. வெளி டெர்மினலையும் பாயிண்டையும் இணைப்பது. சுமைக்கு ஏற்பப் பாயிண்ட் தட்டு நகரும் வகைகளில், அந்த வயரும் ஒவ்வொரு தடவையும் மடங்கி நிமிரும். பல வருஷம் மடங்கியபின் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அற்றிருக்கும். அற்ற முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை வண்டி ஓடும். கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. விளக்கைப் பார்த்துக்கொண்டே வயரை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் லாரியில் விளக்கு ஒழுங்காக மின்னுகிறது. மிச்சம் இருவர்: கண்டென்சர், காயில். நல்லது என்று தெரிந்த கண்டென்சர் ஒன்றை வெளியிலிருந்தே வயரில் இணைத்துப் பார்த்தாயிற்று. பொறி வரவில்லை.

காயிலுக்குள் ஆயிரக்கணக்கான சுற்றுகளாக, முடி போன்ற கம்பி. எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கும். சூட்டில் விரிந்தால் முனைகள் விலகும், குளிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இப்போது ஈரத்துணியைக் காயிலின் மேல் மட்டும் போட்டு, அந்தத் தடித்த வயரை மறுபடி பிடித்துப் பார்க்கிறார் மேஸ்திரி. நீலப் பொறி சொடுக்குகிறது! அப்போதும் அவர் நம்பவில்லை. வேறு காயிலை மாட்டி, அடுத்த நாள் அதே உச்சிவெயிலில், கோட்டை மதில் ஓரம் அதே இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்தி, செல்ஃப் போட்ட பிறகுதான் தீர்ப்பு எழுதுகிறார்.

மாற்றுக் காயில் கிடைப்பதும் அன்று எளிதல்ல. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ் தொடங்கியதே 1961-இல்தான். அதற்குள் லாரி முதலாளிகள் வேறொரு முடிவுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். 1950-களில் சென்னை சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் பி6 எஞ்சினை வாங்கி, பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு அதே சேஸில் பூட்டினார்கள். அதில் காயில் இல்லை, பாயிண்ட் இல்லை, பிளக் இல்லை. காற்றை நெருக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும்.

பொறியே வேண்டாத அந்த எஞ்சின் வகைக்குப் பெயர் தந்தவர், 1913 செப்டம்பர் 29 மாலை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்து போய்ச்சேர ஓரிரவுப் பயணம். நண்பர்களோடு சாப்பிட்டார், காலையில் எழுப்பச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். விடிந்ததும் அறையைத் திறந்து பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். படுக்கையில் யாரும் படுத்த அடையாளமே இல்லை. ருடால்ஃப் டீசல் கப்பலில் எங்குமே இல்லை.

(அடுத்த வாரம்: வட கடலில் மிதந்து வந்த உடல்)