வாய்வழித் துப்பாக்கிகளில் கரிமருந்து

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பழைய வெடிமருந்து கரிமருந்து. குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடும் துப்பாக்கிகளுக்கு இன்றும் உரிய மருந்து இதுதான். தமிழ்ச் செய்தித்தாள்களில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று அடிபடுபவையும், குடகில் கைல் முகூர்த்தத்தன்று பூசையில் வைக்கும் பழைய துப்பாக்கிகள் பலவும் இந்த இனம். மருந்து வலுவாக இருந்தால் குறி தப்பாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. ஒவ்வொரு முறையும் அதே வலு வருகிறதா என்பதில்தான் குறி இருக்கிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டால் இது விளங்கும். சராசரியாக நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 100 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 40 சென்டிமீட்டர் கீழே இறங்கும். அடுத்த குண்டு 5 சதவீதம் வேகம் குறைந்து போனால் இறக்கம் 44 சென்டிமீட்டர். கண்ணும் கையும் அசையாமல் இருந்தும் குறி கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை விலகிவிடும்.

சரக்கின் தரம்

பிரிட்டிஷார் நிலைப்படுத்திய விகிதம் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. விகிதம் ஒன்றாக இருந்தும் மருந்துகள் வேறுபடுவதற்குக் காரணம் சரக்கு. வெடியுப்பில் சாப்பாட்டு உப்பு கலந்திருந்தால் மருந்து ஈரம் இழுக்கும். பீகாரில் நோனியா சாதியார் மண்ணிலிருந்து வடித்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மீண்டும் காய்ச்சிப் படிகமாக்கியது இதனால்தான். கரியில் வேறுபாடு இன்னும் கூடுதல். வயிரம் பாய்ந்த மரத்தின் கரி மெதுவாக எரியும். மென்மையான மரத்தின் கரி சட்டென்று பிடிக்கும். ஐரோப்பாவில் ஆல்டர், வில்லோ மரங்களைத் தேடினார்கள். நம் நாட்டில் துவரை மிளாறும் எருக்கும் அந்த வேலையைச் செய்தன. சென்னையில் கம்பெனிப் படையின் ஜான் பிராடக் மருந்துத் தயாரிப்பையும் அதன் சோதனையையும் பற்றி எழுதிய நூல் 1829-இல் வெளிவந்தது.

மைசூர் மருந்து

ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து மைசூர் அரசு கரிமருந்தை இரண்டு வகையில் பயன்படுத்தியது. ஒன்று, சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் துப்பாக்கி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மட்டுமல்லாமல் பெங்களூரிலும் இவை செய்யப்பட்டன. மற்றொன்று, இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டிய ராக்கெட். கூட்டமாக வரும் குதிரைப் படையைக் கலைக்கப் போகும் ராக்கெட்டுக்குக் குறி பெரிய கவலை இல்லை, அழுத்தம்தான் கவலை. காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதே அதன் வெற்றிக்குக் காரணம் என்பதைப் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ரொத்தம் நரசிம்மா 1985-இல் எழுதிய ஆய்வில் விளக்கியிருக்கிறார். 2018 ஜூலையில் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற ஊரில் பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன.

மருந்தைச் சேமிப்பதும் தனிக் கலை. திப்புவின் மருந்துக் கிடங்குகள் பாதி நிலத்துக்குள் புதைந்த செங்கல் கட்டடங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அப்படி ஒன்றை, பெங்களூரு–மைசூரு இரட்டை ரயில் பாதைக்காக 2017-இல் அப்படியே பெயர்த்து நகர்த்தினார்கள். பிரிட்டிஷார் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது, 1799 மே 2 அன்று, ராக்கெட் கிடங்கு ஒன்றில் குண்டு விழுந்து ஏற்பட்ட வெடிப்பு கோட்டையையே உலுக்கியது.

வலுவை அளந்தவர்

மருந்தின் வலுவை நம்பத்தகுந்த முறையில் முதலில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். கனத்த ஊசல் ஒன்றில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். அவருடைய நூல் 1742-இல் வெளிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்த அவர் 1751 ஜூலை 29 அன்று கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். தமிழ் மண்ணில் முடிந்த இந்த வாழ்க்கையைக் கடலூர்க்காரர்களே அதிகம் அறிந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய மருந்துகள்

மேலை நாடுகளில் வாய்வழித் துப்பாக்கி சுடுவது போட்டி விளையாட்டு. எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற பன்னாட்டு அமைப்பு 1971 முதல் இதை நடத்துகிறது. அங்கு அதிகம் ஒப்பிடப்படும் மருந்துகள் மூன்று: சுவிட்சர்லாந்தின் ‘சுவிஸ்’, ஜெர்மனியின் வானோ ஆலையிலிருந்து வரும் ‘ஷூட்சன்’, அமெரிக்காவின் ‘கோயெக்ஸ்’. மணியின் அளவை எஃப் எழுத்தின் எண்ணிக்கை காட்டும். ஒற்றை எஃப் பெருங்குழலுக்கு, இரண்டு நடுத்தரத்துக்கு, மூன்று சிறு குழலுக்கும் கைத்துப்பாக்கிக்கும், நான்கு பற்றவைக்கும் மருந்தான ரஞ்சகத்துக்கு.

சுவிஸ் அடர்த்தி மிக்கது. ஒரே அளவில் மற்றவற்றைவிட வேகம் கூட்டும், கசடும் ஒப்பீட்டில் மென்மையாக விழும். விலையும் அதற்கேற்பக் கூடுதல். கோயெக்ஸுக்குத் தோதான அளவை மாற்றாமல் சுவிஸுக்கு மாறுபவர், குண்டு மேலே போகிறது என்று மருந்தைக் குறை சொல்வது வழக்கம். அளவைக் குறைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்றவை மாற்று மருந்துகள்; கரிமருந்தைப் போலவே கன அளவில் அளக்கப்பட்டாலும் எடையில் வேறுபடும். புகையற்ற நவீன மருந்தை இந்தத் துப்பாக்கிகளில் போட்டால் குழல் வெடித்துவிடும்.

கசடே குறியின் பெரும்பகை. ஆய்வாளர்களான நோபிளும் ஏபெலும் 1870-களில் ஆராய்ந்தபோது, எரிந்த கரிமருந்தின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் திடப்பொருளாக எஞ்சியது. அது குழலில் படிகிறது. காய்ந்த காற்றில் ஓடுபோல் இறுகும், ஈரக் காற்றில் சேறாகும். பெங்களூரின் மார்ச் மாத வறட்சியில் ஒரு மருந்து தரும் பலனை குடகின் மடிக்கேரியில் ஆடி மழையில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒப்பீடு என்றால் ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, குண்டைச் சுற்ற ஒரே துணி, வெடிக்கு வெடி ஒரே துடைப்பு, ஒரே நாள். மாறுவது மருந்து மட்டும். இப்படிச் செய்யாத ஒப்பீடுகள் வெறும் பேச்சு.

சட்டம்

இந்தியாவில் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் மருந்துக்கு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் பொருந்தும். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் கரிமருந்து முதல் வகுப்பு. குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா எனும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 1861-இல் தொடங்கிய இச்சலுகையைப் பெங்களூரிலுள்ள கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் செல்லும் என்றது. மத்திய அரசு 2019-இல் நீட்டித்த இந்த விலக்கு 2029 வரை நடப்பில் இருக்கும்.