ரிச்சி பியூரே

ரிச்சி பியூரே (பிறப்பு: மே 9, 1944) அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர், கிதார் கலைஞர், கிறித்தவப் போதகர். நாட்டுப்புற ராக், கன்ட்ரி ராக் இசைவகைகளின் முன்னோடிகளுள் ஒருவர்.

இசைக்குழுக்கள்

ஒகையோ மாநிலத்தின் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த பியூரே, 1964இல் நியூயார்க் சென்று நாட்டுப்புறப் பாடல்கள் பாடினார். அங்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ் அறிமுகமானார். 1966இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இருவரும் நீல் யங், புரூஸ் பாமர், டூயி மார்ட்டின் ஆகியோருடன் 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு' குழுவைத் தொடங்கினர். 1968இல் அக்குழு கலைந்தது. வெளிவந்த அதன் கடைசித் தொகுப்பில், பியூரே தம் மனைவி நான்சிக்காக எழுதிய 'கைண்டு வுமன்' இடம்பெற்றது.

அதே ஆண்டில் ஜிம் மெசினா, ரஸ்டி யங் முதலியோருடன் 'போகோ' குழுவை அமைத்தார். விமர்சகர்கள் பாராட்டினாலும் போகோவின் தொகுப்புகள் பெருமளவில் விற்கவில்லை. ஆனால், போகோவிலிருந்து விலகிய ராண்டி மைஸ்னர் சேர்ந்த 'ஈகிள்ஸ்' குழு அதே பாணியில் பெரும் வெற்றி கண்டது. 1973இல் பியூரே போகோவை விட்டு விலகினார்.

மனமாற்றம்

அடுத்து அவர் இணைந்த சவுதர்–ஹில்மன்–பியூரே குழுவில் ஸ்டீல் கிதார் வாசித்த ஆல் பெர்கின்ஸ், கிறித்தவ நம்பிக்கையை அவருக்கு எடுத்துரைத்தார். மணவாழ்க்கை முறியும் நிலையில் இருந்த 1974இல் பியூரே அந்நம்பிக்கையை ஏற்றார்; பின்னர் கணவனும் மனைவியும் மீண்டும் இணைந்தனர். 1976இல் வெளியான 'ஐவ் காட் எ ரீசன்' தொகுப்பு இம்மாற்றத்தின் வெளிப்பாடாகும். அதைச் சமய நிறுவனம் அல்லாத அசைலம் வெளியிட்டது. 1979இல் 'ஐ ஸ்டில் ஹாவ் டிரீம்ஸ்' பாடல் அமெரிக்காவின் முதல் 40 பாடல்களுக்குள் வந்தது.

போதகர் பணி

1983 முதல் கொலராடோ மாநிலத்தின் புரூம்ஃபீல்டு நகரில் கால்வரி சேப்பல் சபையின் போதகராகப் பணியாற்றினார். இசையையும் கைவிடவில்லை. 1997இல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவினருடன் ராக் அண்டு ரோல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். 2010, 2011 ஆண்டுகளில் ஸ்டில்ஸ், யங் ஆகியோருடன் மீண்டும் ஒரே மேடையில் பாடினார்.