பூவரசன்பட்டி: பூவின் பெயரில் ஒரு தீவு இருந்தது

கிரீட், சைப்ரஸ் போன்ற மத்தியதரைக்கடல் தீவுகளுக்குக் காட்டு ஆர்க்கிட் பூக்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். தூத்துக்குடிக் கடலில் உள்ள தீவுகளின் செடிகளுக்கு அந்தப் பேர் இல்லை. நினைத்தவுடன் போய்ப் பார்க்கவும் முடியாது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளை 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

தீவு என்றதும் மலையும் அருவியும் நினைக்க வேண்டாம். பவளத் துண்டும் சிப்பியும் மணலும் சேர்ந்த, கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும் திட்டுகள்தான் இவை. உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுப்பவை மட்டுமே இங்கே முளைக்கும். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பூவாக வரும் அடும்பு, மணலில் படரும் இராவணன் மீசை, கரையோரம் வெள்ளைப் பூ பூக்கும் பெம்பிஸ் அசிடுலா என்ற புதர். இந்தப் புதர் உலகிலேயே இங்கு மட்டும்தான் உண்டு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை அது உண்டு.

இச்செடிகளின் வேர் மணலைப் பிடித்து வைக்கும். ஆனால் அலையைத் தடுப்பது வேரல்ல, சுற்றியுள்ள பவளப்பாறை. அதைத்தான் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். தடுப்பு போனதும் அலை நேராக மணலில் மோதியது. வேர் வெளியே வந்தது, செடி சாய்ந்தது, மணல் கரைந்தது. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 2001-ல்தான். கடல் மட்ட உயர்வும் சேர்ந்துகொள்ள, கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. பூவரசு மரத்தைப் பெயரில் வைத்திருந்த தீவு இன்று வரைபடத்தில் ஒரு பெயர் மட்டுமே. இதே கடலில் 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. தீவு மூழ்கியதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1986-ல் சுமார் 16 ஹெக்டேராக இருந்தது, 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. 2015 முதல் அதன் முன்னே கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. அடுத்து காரைச்சல்லித் தீவிலும் இதே முறையைத் தமிழக அரசு கையில் எடுத்துள்ளது.